94-இல் முட்டி நிற்கும் நெட்: ரௌட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

300 எம்பிபிஎஸ் பைபர் போட்ட வீட்டில் நெட் மந்தமாக இருந்தால், நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசைதான். முதல் நாள் ரௌட்டரை அணைத்துப் போடுவார்கள். இரண்டாம் நாள் கஸ்டமர் கேரோடு சண்டை. அடுத்த மாதம் 500 எம்பிபிஎஸ் பிளான். அதுவும் உதவாதபோது காசு போட்டுப் புது ரௌட்டர். வேகம் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். கேபிள் முனையிலிருக்கும் ஒரு பிளாஸ்டிக் ஜாக்கை அந்த ஒரு மாதமும் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாஸ்வேர்டைத் தெருவுக்கே கொடுப்பது, ரௌட்டரைப் பீரோவுக்குள் பூட்டி வைப்பது மாதிரியானவை சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடலாம்.

போனில் டெஸ்ட் போட்டுத் தீர்ப்பு எழுதுவது

கட்டிலில் படுத்தபடி போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 45 வருகிறது. உடனே கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்ற முடிவு. அந்த 45-ஐ வைத்து யார்மேலும் பழி போட முடியாது. தெருவிலிருந்து பைபர் வழியாக ஓஎன்டி பெட்டி (பைபரின் ஒளியை லேன் சிக்னலாக மாற்றும் பெட்டி) வரை ஒரு கட்டம், அங்கிருந்து ரௌட்டர் வரை இன்னொன்று, ரௌட்டரிலிருந்து காற்று வழியாகப் போன் வரை மூன்றாவது. சில வீடுகளில் ஓஎன்டியும் ரௌட்டரும் ஒரே பெட்டியாக இருக்கும்; அங்கே நடுக்கட்டம் கிடையாது. எந்தக் கட்டத்தில் குறைகிறது என்று பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு பேப்பரை எடுத்து மூன்று எண்களை எழுதுங்கள். லேப்டாப்பை லேன் கேபிளில் ரௌட்டரோடு இணைத்து, அதன் வைஃபையை அணைத்துவிட்டு எடுத்த வேகம் முதல் எண். ரௌட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போனில் எடுத்தது இரண்டாவது. வழக்கமாக உட்காரும் அறையில் எடுத்தது மூன்றாவது. அந்த நேரத்தில் டிவி ஓடக் கூடாது, வேறு போன்களில் போட்டோ பேக்கப் போகக் கூடாது, விபிஎன் அணைந்திருக்க வேண்டும்.

முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது மட்டும் குறைந்தால் சுவரும் தூரமும்தான் காரணம். முதலாவது சரி, இரண்டாவதே குறைவு என்றால் வைஃபை செட்டிங்கில் கோளாறு. கேபிளில் குறைந்து வைஃபையில் கூடினால் அந்த லேன் கேபிளோ, லேப்டாப்பின் போர்ட்டோ சந்தேகத்துக்குரியது. இரண்டும் சேர்ந்து ஒரே எண்ணில் நின்றால் அடுத்த பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

இன்னொன்று: டவுன்லோடு ஓடும்போது திரையில் தெரிவது மெகாபைட், பிளானில் எழுதியிருப்பது மெகாபிட். எட்டால் வகுக்க வேண்டும். 300 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 37.5 மெகாபைட். டவுன்லோடு 36-இல் ஓடினால் உங்கள் நெட்டில் ஒரு குறையும் இல்லை.

94 என்ற எண்ணைப் பார்த்தும் பிளானை ஏற்றுவது

இருப்பதிலேயே செலவு வைக்கும் தவறு இது. எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதால் எரிச்சலும் இதில்தான் அதிகம்.

எத்தனை முறை டெஸ்ட் போட்டாலும் 93, 94, 94.5 என்று வந்தால் அது தற்செயல் இல்லை. நெரிசலால் குறையும் வேகம் ஏறி இறங்கும். ஒரே இடத்தில் கட்டிப்போட்டதுபோல் நிற்காது. வழியில் எங்கோ ஒரு இணைப்பு 100 எம்பிபிஎஸ்-க்குச் சுருங்கிவிட்டது என்பதற்கான கையெழுத்துதான் 94. டேட்டா சின்னச் சின்னப் பொட்டலங்களாக, அதாவது பாக்கெட்டுகளாகப் போகும். கேபிளில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 1538 பைட் இடம் போகிறது. அதில் உங்கள் டேட்டா சுமார் 1448 பைட். மிச்சம் முகவரியும் இடைவெளியும். அதனால் 100-க்கு 94. இணைப்பு கிகாபிட்டாக (1000 எம்பிபிஎஸ்) இருந்தால் இதே கணக்கில் 940 வரை போகும்.

ஏன் சுருங்குகிறது? லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்-க்கு இரண்டு ஜோடி போதும்: ஜாக்கில் 1, 2, 3, 6 ஆகிய நான்கு இடங்கள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மிச்ச நான்கில் ஒன்று அறுந்திருந்தாலும் இரு முனைகளும் கிகாபிட்டில் பேசிப் பார்த்து, முடியாமல், சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். எங்கும் எரர் வராது. பல பெட்டிகளில் லைட் பச்சையாகத்தான் எரியும்.

பழைய கேபிள் பிராட்பேண்ட் காலத்தில் நான்கு கம்பி மட்டும் போட்டு கிரிம்ப் செய்வது (ஜாக்கைக் கேபிளில் அழுத்திப் பொருத்துவது) சாதாரணம். அன்றைய 10, 20 எம்பிபிஎஸ்-க்கு அது போதும். மிச்ச நான்கு கம்பியில் மாடி வீட்டுக்கும் கனெக்‌ஷன் இழுத்து, ஒரே கேபிளில் இரண்டு வீட்டுக்கு நெட் கொடுத்த சாமர்த்தியமும் உண்டு. பைபர் வந்த பிறகும் சுவருக்குள் இருப்பது அதே கேபிள், அதே ஜாக்.

பார்ப்பது எளிது. ஜாக்கின் கிளிப் பின்பக்கமும் பித்தளைப் பற்கள் உங்கள் பக்கமும் இருக்கும்படி, கேபிள் கீழே தொங்கப் பிடியுங்கள். இடமிருந்து எண்ணினால் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். நீலமும் பிரவுனும் இல்லாமல் நாலு இடம் காலியாக இருந்தால் கள்ளன் அகப்பட்டான். இன்னொரு முறையில் பச்சையும் ஆரஞ்சும் இடம் மாறியிருக்கலாம். இரு முனையிலும் ஒரே மாதிரி இருந்தால் அதில் தவறில்லை.

இன்னொரு வகைக் கோளாறு இதைவிட மோசம். எட்டுக் கம்பியும் இருக்கும். ஆனால் கிரிம்ப் செய்தவர் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம் என்று கண்ணுக்கு அழகாக ஜோடி ஜோடியாக அடுக்கியிருப்பார். இரண்டு முனையிலும் அதே வரிசை என்பதால் டெஸ்டரில் 1 முதல் 8 வரை எல்லா விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் 3-வது, 6-வது இடங்களில் ஒரே ஜோடியின் இரு கம்பிகள் இருக்க வேண்டும். இங்கே இரண்டு வேறு ஜோடிகளிலிருந்து வந்துவிடும். முறுக்கின் பலன் போய், ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கசியும். கேபிள் நீள நீள வேகம் படுக்கும். டெஸ்டர் பார்ப்பது கம்பி தொடர்ச்சியை மட்டும்தான். ஜோடி சரியா என்பது அதற்குத் தெரியாது.

கிகாபிட் வருகிறதா என்று விண்டோஸ் 11-இல் பார்க்க செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போங்கள். லிங்க் ஸ்பீடில் 1000/1000 இருக்க வேண்டும். 100/100 என்றால் சுருங்கியிருக்கிறது. ரௌட்டர் பக்கம் பார்க்க பிரௌசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போட்டு உள்ளே போனால், பல மாடல்களில் ஸ்டேட்டஸ் பக்கத்திலேயே ஒவ்வொரு போர்ட்டின் வேகமும் இருக்கும்.

சரிசெய்ய, முதலில் ஓஎன்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவில் உள்ள குட்டிக் கேபிளை, கம்பெனியிலேயே ஜாக் போட்டு வரும் கேட்-5இ கேபிளாக மாற்றிப் பாருங்கள். கேட்-6 இருந்தாலும் நல்லதே, ஆனால் வீட்டு கிகாபிட்டுக்கு அது கட்டாயம் இல்லை. கேட்-5இ 100 மீட்டர் வரை தாங்கும். அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சுப் போட்ட மலிவுக் கேபிள் வேண்டாம். வளைத்த இடத்தில் உடையும். சுவருக்குள் போகும் கேபிள் என்றால் இரு முனையையும் வெட்டி எட்டுக் கம்பியோடு மறுபடி கிரிம்ப் செய்ய வேண்டும். முறுக்கை அரை இஞ்சுக்கு மேல் பிரிக்கக் கூடாது.

கேபிள் சரியாக இருந்தும் 94-தானா? போர்ட்டைப் பாருங்கள். சில ஓஎன்டி பெட்டிகளில் நாலு போர்ட்டில் ஒன்றுதான் கிகாபிட். மற்ற மூன்றும் 100. பெரும்பாலும் லேன்-1 தான் அந்த ஒன்று. மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் பழைய ஐந்து போர்ட் சுவிட்ச், யுஎஸ்பி-லேன் அடாப்டர், பழைய லேப்டாப் எல்லாமே 100-ஆக இருக்கலாம். விலை உயர்ந்த டிவிகளில்கூட லேன் போர்ட் பெரும்பாலும் 100 தான். ஆனால் 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் போதும் என்பதால் அங்கே கவலை இல்லை.

பெட்டியில் 1200 என்று போட்டிருப்பதை நம்பி வாங்குவது

மேலே சொன்னதன் பங்காளி. ஏசி1200 என்ற பெயரில் உள்ள 1200 எப்படி வந்தது தெரியுமா? 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, கூட்டினால் 1167, அதை உருட்டி 1200. ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில் (அலைவரிசையில்) தான் இருக்கும் என்பதால் இந்தக் கூட்டுத்தொகை எந்தப் போனுக்கும் கிடைக்காது.

அதுகூடப் பரவாயில்லை. இந்த வகை ரௌட்டர்கள் பலவற்றில், வெளியிலிருந்து நெட் வரும் வேன் போர்ட் 10/100. வீட்டுக்குள் வரும் வாசலே 100 என்றால் உள்ளே காற்றில் 867 ஓடி என்ன பயன்? வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் சேர்த்து 94-தான். இந்த விவரம் பெட்டியின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருக்கும். வாங்குமுன் வேன், லேன் இரண்டுக்கும் 10/100/1000 அல்லது கிகாபிட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் திரும்ப வைத்துவிடுங்கள். 100 எம்பிபிஎஸ் பிளானிலேயே இருக்கப்போகிறவர்களுக்கு மட்டும் அது போதும்.

இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது

பெயர் ஒன்றாக இருந்தால் எந்தப் பேண்டில் ஒட்டுவது என்பதைப் போன் முடிவு செய்யும். வெளியே போய்த் திரும்பும்போது வாசலிலேயே 2.4-ஐப் பிடித்துக்கொண்டு, ரௌட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் சில போன்கள் அதை விடாது.

ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் வைஃபை பெயரைத் தொட்டால் லிங்க் ஸ்பீட் தெரியும். 72 அல்லது 144 என்றால் நீங்கள் 2.4-இல் இருக்கிறீர்கள். 433 அல்லது 866 என்றால் 5. கையில் கிடைப்பது அந்த எண்ணில் ஏறக்குறைய பாதி. 144 காட்டும் போனில் 70 வந்தால் அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

பெயர்களைப் பிரித்துவிடுங்கள். லேப்டாப், டிவி, போன் 5-இல்; சிசிடிவி, ஸ்மார்ட் பல்பு, வாஷிங் மெஷின் 2.4-இல். அபார்ட்மென்டில் 2.4-க்கு சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11-இல் ஒன்று. 3, 4 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களோடும் மோதும். 40-க்கு ஏற்றினால் மோதல் இன்னும் கூடும். 5-இல் எல்லா வீடும் 36-இல் குவிந்திருந்தால் 149-ஐப் போட்டுப் பாருங்கள். ஆனால் இரண்டு செங்கல் சுவர் தாண்டினால் 5 தளர்ந்துவிடும். அந்த அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுப்பதே உத்தமம்.

டிகேஐபி

வைஃபை செக்யூரிட்டி செட்டிங்கில் வரும் பழைய பூட்டு இது. வேண்டாம். அதைத் தேர்ந்தால் வைஃபை 54-க்கு மேல் போகாது. டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3.

கியூஓஎஸ் போட்டால் வேகம் கூடும் என்று நினைப்பது

வீட்டு ரௌட்டரின் பிராசசர் சின்னது. பாக்கெட்டுகளைக் கடத்தும் வேலையை அது தனி சிப்பிடம் ஒப்படைத்துவிடுவதால்தான் 300, 500 என்று ஓட முடிகிறது. கியூஓஎஸ் (எந்த டேட்டாவுக்கு முன்னுரிமை என்று பிரிக்கும் வசதி), யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு, குழந்தைகளுக்கான தடை ஆகியவற்றைப் போட்டால், பல ரௌட்டர்களில் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிராசசரே பிரித்துப் பார்க்க வேண்டிவரும். பழைய மாடல்களில் 300 பிளான் 150-க்குக் கீழே விழுவது இதனால்தான். எல்லாவற்றையும் அணைத்து டெஸ்ட் போடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு எது இழுக்கிறது என்று பாருங்கள்.

யாரோ போட்டோ ஏற்றும்போது மட்டும் வீடியோ கால் திக்குகிறது என்றால் அப்லோடு வழி நிறைந்துவிட்டது என்று பொருள். அதற்குக் கியூஓஎஸ் உண்மையிலேயே மருந்து. ஆனால் தாங்கும் பிராசசர் இருக்க வேண்டும்.

ரௌட்டருக்குப் பின்னால் ரௌட்டர்

இரண்டும் தனித்தனியாக முகவரி கொடுத்தால் குழப்பம். இரண்டாவதை, வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த மோடு இல்லாவிட்டால் முதலில் அதன் முகவரியை 192.168.1.2 மாதிரி மாற்றி, டிஹெச்சிபியை (முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, வேன் போர்ட்டை விட்டுவிட்டு லேனுக்கு லேன் இணையுங்கள்.

எந்த மினி யுபிஎஸ் ஆனாலும் சரி என்று மாட்டுவது

கரன்ட் கட்டுக்குப் பயந்து வாங்கும் மினி யுபிஎஸ் பலவும் 12 வோல்ட், 1 ஆம்ப். ரௌட்டரின் அடியில் 12 வோல்ட், 1.5 அல்லது 2 ஆம்ப் என்று எழுதியிருந்தால், வைஃபையில் லோடு ஏறும் நேரத்தில் வோல்டேஜ் சரியும். வைஃபை அறுபடும், ரௌட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். வோல்ட் அச்சாக ஒன்றே இருக்க வேண்டும். ஆம்ப் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 9 வோல்ட் ரௌட்டரில் 12 வோல்ட் பின் பொருந்தும். மாட்டினால் ரௌட்டர் கருகலாம்.

எண் இல்லாமல் கம்ப்ளைன்ட் கொடுப்பது

"நெட் ஸ்லோவா இருக்கு" என்றால் "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்றுதான் பதில் வரும். கேபிளில் காலை 6 மணிக்கு எடுத்த வேகம், இரவு 9 மணிக்கு எடுத்த வேகம் இரண்டையும் சொல்லுங்கள். பகலில் 290 வந்து இரவில் மட்டும் 80 என்றால் தெருவில் நெரிசல். ஜிபான் என்ற வீட்டு பைபர் முறையில் ஒரு பைபரில் வரும் 2.5 ஜிபிபிஎஸ்-ஐ 32 அல்லது 64 வீடுகள் வரை பங்கு போட்டுக்கொள்கின்றன. அதை உங்கள் ரௌட்டரில் சரிசெய்ய முடியாது.

கூடவே ஓஎன்டியின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். –20 டிபிஎம் அளவில் இருந்தால் நல்லது. –27-ஐத் தாண்டி –28, –29 என்று போனால் பிழைகள் கூடி இணைப்பு அறுந்து அறுந்து வரும். விரலில் சுற்றிய மாதிரி பைபர் எங்காவது இறுக்கமாக வளைந்திருக்கிறதா, கதவிடுக்கில் நசுங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். வளைவைத் தளர்த்தியும் எண் ஏறவில்லை என்றால், அதைச் சொல்லி ஆளை வரச்சொல்லுங்கள். பைபர் முனையை நீங்களே கழற்றித் துணியால் துடைக்கக் கூடாது.