ஆண்டுதோறும் மாறும் கார் மாடல்கள்: அறிவிப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கார் நிறுவனம் தன் எல்லா மாடல்களுக்குமான புது ஆண்டு மாற்றங்களை அறிவித்ததுமே என்னிடம் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த அறிவிப்புகளைப் பழைய பிரோஷர்களோடு வரிவரியாக ஒப்பிட்டு அட்டவணை போடுவது என் நெடுநாள் வேலை. தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்கள் செய்வதைப் பார்க்கும்போது எழுதிவிடலாம் என்று தோன்றியது. டெஸ்ட் டிரைவ் போகாமல் வாங்காதீர்கள் என்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முகம் மாறினால் வண்டியே மாறிவிட்டதாக நினைப்பது

ஒரு மாடலின் ஒரு தலைமுறை, அதாவது அடிப்படை வடிவமைப்பு மாறாத வண்டி, பொதுவாக ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை விற்பனையில் இருக்கும். நடுவில் ஒரு ஃபேஸ்லிஃப்ட் வரும். பம்பர், கிரில், விளக்குகள், உள்ளே இருக்கும் திரை எல்லாம் மாறும். கதவுகளும் கூரையும் பெரும்பாலும் மாறாது, ஏனென்றால் அந்தத் தகடுகளை அழுத்தி எடுக்கும் அச்சுகளை மாற்றப் பெரும் செலவாகும். அதனால் புதுப் படம் வந்ததும் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பக்கவாட்டுப் படத்தைப் பாருங்கள். கதவின் கோடும் ஜன்னலின் கோடும் பழையபடி இருந்தால் அநேகமாக அதே வண்டிதான்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. ஃபியட் கிராண்டே புன்டோ 2005இல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. பெயரும் முகமும் மாறி மாறி அதே தலைமுறை விற்பனையில் நீடித்தது. 2017இல் மறுபடி சோதித்தபோது கிடைத்தது பூஜ்யம். இடைப்பட்ட காலத்தில் சோதனை கடுமையாகிக்கொண்டே போக, அடியில் இருந்த வண்டி அப்படியே இருந்தது. நட்சத்திரத்தை எண்ணும் முன் அது எந்த ஆண்டுச் சோதனை என்று பாருங்கள்.

பெரிய மாடலில்தான் புதுத் தொழில்நுட்பம் இருக்கும் என்று நம்புவது

ஒரே பெயரில் விற்கும் வசதி ஒரே நிறுவனத்தின் எல்லா மாடல்களிலும் ஒன்றாக இருக்காது. அமெரிக்காவில் 2023 கொரோலாவில், மோதலைத் தவிர்க்க உதவும் டொயோட்டா சேஃப்டி சென்ஸ் தொகுப்பின் 3.0 பதிப்பு இருந்தது. அதைவிடப் பெரிய 2023 கேம்ரியில் 2.5 பிளஸ்தான். கேம்ரிக்கு 3.0 வந்தது 2025 மாடலில். பெரிதாக மறுவடிவமைப்பு செய்யும்போதுதான் புது கேமராவும் ரேடாரும் சுலபமாக உள்ளே நுழையும். எந்த மாடலின் முறை முதலில் வருகிறதோ அதற்கு முதலில் கிடைக்கும். வசதியின் பெயரோடு பதிப்பு எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒரே ஆண்டு என்றால் ஒரே வண்டி என்று எடுத்துக்கொள்வது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஆட்களுக்கு அதிக நஷ்டம் வருவதும் இதில்தான்.

மாடல் ஆண்டும் காலண்டர் ஆண்டும் வேறு. அமெரிக்க விதிப்படி ஒரு மாடல் ஆண்டின் தயாரிப்புக் காலத்துக்குள் ஒரே ஒரு ஜனவரி 1 மட்டும் வரலாம். அப்படியென்றால் 2025 மாடல் என்று விற்கும் காரை 2024 ஜனவரி 2 முதல் 2025 டிசம்பர் 31 வரை எப்போது வேண்டுமானாலும் தயாரித்திருக்கலாம். இவ்வளவு நீண்ட காலத்தில் தொழிற்சாலை சும்மா இருக்காது. ஒரு பாகம் தீர்ந்துபோகும், சப்ளையர் மாறுவார், செலவைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வரும். வண்டி நடுவழியில் மாறும். மாடல் ஆண்டு மட்டும் மாறாது.

டெஸ்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவில் மாடல் 3, மாடல் ஒய் கார்களிலிருந்து 2021 மே மாத டெலிவரி தொடங்கி ரேடாரை எடுத்துவிட்டு, கேமராவை மட்டும் நம்பும் முறைக்கு மாறினார்கள். அங்குள்ள சாலைப் பாதுகாப்பு அமைப்பு, ஏப்ரல் 27 முதல் தயாரான கார்களுக்கு, மோதல் எச்சரிக்கை உட்பட நான்கு பாதுகாப்பு வசதிகள் இருப்பதாகத் தந்திருந்த டிக் குறியை அப்போது விலக்கிக்கொண்டது. ஏப்ரல் தொடக்கத்தில் தயாரானதும் ஜூனில் தயாரானதும் 2021 மாடல்தான். 2022 அக்டோபரில் பார்க்கிங் சென்சார்களையும் எடுக்க ஆரம்பித்தார்கள். புது வண்டிகளில் பார்க்கிங் உதவி கொஞ்ச காலம் இல்லாமலே இருந்தது.

மற்றவர்களும் விலக்கல்ல. சிப் தட்டுப்பாடு இருந்த 2021 இறுதியில் பிஎம்டபிள்யூ சில கார்களைத் தொடுதிரை வசதி இல்லாமல் கொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் பல மாடல்களில் இருக்கையைச் சூடாக்கும் வசதியை நிறுத்தியது. இவையெல்லாம் செய்தியான பெரிய விஷயங்கள். செய்தியாகாதவை எத்தனையோ: ஸ்டெப்னிக்குப் பதிலாகப் பஞ்சர் ஒட்டும் கிட், பானட்டைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட்டுக்குப் பதிலாக ஒரு கம்பி, காணாமல்போன ஃபாக் லைட்.

மாடல் ஆண்டு மாறும்போதும் இப்படிச் சத்தமில்லாமல் வசதிகள் போகும். ஒரு நண்பர் தன் அம்மாவை மனதில் வைத்தே ஒரு காரைத் தேர்ந்தெடுத்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி. முன்பக்கப் பயணி இருக்கையை உயர்த்தும் லீவர் இருந்தால் ஏறி இறங்கச் சுலபம். விமர்சனத்தில் படித்தார், டெஸ்ட் டிரைவ் வண்டியில் அம்மாவை உட்காரவைத்தும் பார்த்தார். முன்பதிவு செய்து மாதக்கணக்கில் காத்திருந்தார். வந்த வண்டியில் லீவர் இல்லை. இடையில் மாடல் ஆண்டு மாறிவிட்டிருந்தது. அந்த ஆண்டு அறிவிப்பைத் தேடி எடுத்துப் படித்தேன். புதுத் திரைக்கும் புது நிறத்துக்கும் பத்தி பத்தியாக எழுதியிருந்தார்கள். லீவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. புது பிரோஷரின் அட்டவணையில் அந்த இடத்தில் ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். கேட்டபோது டீலர் காட்டியது, முன்னறிவிப்பின்றி மாற்றங்கள் செய்ய நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்ற வரியை. அந்த வரி அநேகமாக எல்லா பிரோஷரிலும் இருக்கும். சட்டப்படி அவர்கள் பக்கம் சரியாக இருக்கலாம். ஆனால் சேர்த்ததைப் பறைசாற்றிவிட்டு எடுத்ததை மறைப்பது வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம் என்றுதான் இன்றும் சொல்வேன்.

அதனால் அறிவிப்பைப் படித்து முடிவெடுக்காதீர்கள். போன ஆண்டு பிரோஷரையும் இந்த ஆண்டு பிரோஷரையும் அருகருகே வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். புது மாடல் வந்ததும் பழைய பிரோஷரை இணையத்திலிருந்து எடுத்துவிடுவது வழக்கம், ஆகவே பிடிஎஃப்பை முன்கூட்டியே சேமித்துவையுங்கள். உங்களுக்கு இல்லாமல் முடியாது என்ற வசதிகள் இரண்டோ மூன்றோ இருக்கும். அவற்றை ஆர்டர் படிவத்திலேயே எழுதி டீலரிடம் கையெழுத்து வாங்குங்கள். டெலிவரி நாளில் பணத்தை முழுதாகக் கட்டும் முன், குறிப்பாக உங்களுக்கு வரும் அந்த வண்டியிலேயே அவற்றைத் தொட்டுப் பாருங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்குத் தயாரிப்பு மாதம்தான் முக்கியம். அமெரிக்க வண்டிகளில் ஓட்டுநர் கதவின் ஓரத்திலோ அருகிலுள்ள தூணிலோ இருக்கும் ஸ்டிக்கரில் அது அச்சிடப்பட்டிருக்கும். 17 இலக்க சேஸிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும்: ஆர் (R) என்றால் 2024, எஸ் (S) என்றால் 2025, டி (T) என்றால் 2026. ஐரோப்பாவில் இந்த எழுத்து கட்டாயம் இல்லை, அங்கே இதை நம்பாதீர்கள்.

மைலேஜ் எண் மாறினால் இன்ஜின் மாறியதாக நினைப்பது

ஐரோப்பாவில் 2017 செப்டம்பர் முதல் புது மாடல்களுக்கும், 2018 செப்டம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும், எரிபொருள் செலவையும் புகையையும் அளக்கும் டபிள்யூஎல்டிபி (WLTP) என்ற புதுச் சோதனை முறை வந்தது. இன்ஜினில் ஒன்றும் மாறாமலே பல கார்களின் மைலேஜ் காகிதத்தில் குறைந்தது. எந்த முறையில் அளந்தார்கள் என்று தெரியாமல் இரண்டு ஆண்டு எண்களை ஒப்பிடாதீர்கள்.

புதுப் பெயர் வைத்த நிறத்தைப் புது நிறம் என்று நினைப்பது

பெயின்ட்டின் குறியீட்டு எண்ணைப் பாருங்கள், அது மாறாவிட்டால் நிறமும் மாறவில்லை.

"மென்பொருள் அப்டேட்டில் வரும்" என்பதை நம்பி வாங்குவது

வண்டி கைக்கு வரும் நாளில் இல்லாததை இல்லை என்றே கணக்கில் எழுதுங்கள்.

தலைமுறையின் கடைசி ஆண்டை ஒதுக்குவது

புதுத் தலைமுறை வரப்போகிறது என்று தெரிந்ததும் பலர் இருக்கும் மாடலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆரம்பக் கோளாறுகளைப் பெரும்பாலும் அதற்குள் சரிசெய்திருப்பார்கள், எந்தெந்தக் கோளாறுக்காக நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது (ரீகால்) என்பதும் தெரிந்திருக்கும், விற்றுத் தீர்க்க வேண்டும் என்பதால் கூடுதல் வசதிகளையும் சேர்த்துக் கொடுப்பார்கள். சீக்கிரம் விற்றுவிடுகிற பழக்கம் உள்ளவருக்கு மறுவிற்பனை விலை அடி வாங்கும், அது உண்மை. நெடுங்காலம் வைத்திருக்கப் போகிறவர் என்றால், புதுத் தலைமுறையின் முதல் ஆண்டு வண்டியைவிட இதையே வாங்கச் சொல்வேன். போன ஆண்டு பிரோஷரோடு ஒப்பிடும் வேலை இதற்கும் உண்டு.