மின்சாரச் சங்கிலி ரம்பம் சூடேறிப் புகைந்தது: என் அனுபவம்

மொரீசியசில் புயலுக்குப் பின் வீட்டருகே சாய்ந்த சவுக்கு மரத்தை அறுக்கையில், என் மின்சார ரம்பத்தின் சங்கிலி சில நிமிடங்களிலேயே சூடேறிப் புகைந்து, தொய்ந்து தொங்கியது. பற்களை அரத்தால் தீட்டியும், சங்கிலிக்கு வழுவழுப்பூட்டும் எண்ணெயை மாற்றியும், இழுவிசையைச் சரிசெய்தும் பலன் நிலைக்கவில்லை, நாட்கள்தான் வீணாயின. சூடான சங்கிலியை இறுக்கினால் அது குளிரும்போது சுருங்கி, தான் சுற்றியோடும் நீண்ட தகட்டையும் மோட்டாரையும் வருத்தும் என்பதால், ஆறிய பிறகே இறுக்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையுறையுடன் சங்கிலியையும் தகட்டையும் கழற்றி வைத்தேன். பிறகு மீண்டும் மின்சாரம் கொடுத்துச் சற்றே ஓட்டிப் பார்த்தபோது எண்ணெய் தாராளமாக வழிந்தது; தகட்டைப் பொருத்தினாலோ ஒரு துளியும் வரவில்லை. எண்ணெயைத் தள்ளும் பம்ப் நலமாக இருப்பதைக் காட்டிய இந்த வேறுபாடுதான் எளிதில் கண்ணில் படாதது. தகட்டின் அடிப்பகுதியிலுள்ள சிறு எண்ணெய்த் துளையில், எண்ணெயில் ஊறிய மரத்தூள் களிம்பாக இறுகி அடைத்திருந்தது.

பிளக்கை மறுபடி பிடுங்கி, துளையை மெல்லிய கம்பியால் குத்தி, தகட்டின் விளிம்பில் சங்கிலி ஓடும் பள்ளமான காடியைச் சுரண்டி, தேய்மானம் சமமாகும்படி தகட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினேன். நுனியை வெளிறிய அட்டைக்கு மேலே, அதைத் தொடாமல் பிடித்து ஓட்டியதும் எண்ணெய்க் கோடு தெளிவாக விழுந்தது. நெடுநேரம் அறுத்தும் புகை எழவில்லை, பெரும் நிம்மதி.