டால்பின் கணக்கெடுக்கக் கிளம்புமுன்: மீனவர்களோடு பழகுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர்க் கடலில் டால்பின் இருக்கிறது என்றால் இன்னும் பலர் நம்புவதில்லை. செயிண்ட் ஜான்ஸ் தீவு, சிஸ்டர்ஸ் தீவுகள் பக்கம் இளஞ்சிவப்பு டால்பின்கள் தலைகாட்டுகின்றன. டால்பினுக்கு உறவான, முதுகுத் துடுப்பில்லாத கடற்பன்றியும் இந்தக் கடலில் உண்டு. இவற்றைப் பார்க்க நம்மைவிட அதிக வாய்ப்பு உள்ளவர்கள் கேலோங்காரர்களும் (கடலில் மேடை அமைத்து மீன் பிடிப்பவர்கள்) படகில் போய்த் தூண்டில் போடுபவர்களும்தான். ஆனால் அவர்களிடம் பேசப் போகும் தொண்டூழியர்கள்தான் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள்.

"அங்கிள், இங்க டால்பின் வருதா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்காதீர்கள். தேடி வந்த பிள்ளைகளின் மனம் நோகக்கூடாதே என்று "வரும், நிறைய வரும்" என்பார், நீங்களும் எழுதிக்கொண்டு வந்துவிடுவீர்கள். படங்களைப் பரப்பி வைத்து, எது தெரியும் என்று அவரையே சொல்ல விடுங்கள். ஆர்க்டிக் கடலை விட்டு வராத நார்வால் திமிங்கிலத்தின் படத்தையும் நடுவில் செருகி வையுங்கள்; அதையும் பார்த்தேன் என்றால் மற்ற பதில்களைக் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். தேதி கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது, சீனப் புத்தாண்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் சட்டென்று வரும். (நோன்புப் பெருநாளை வைத்துக் கேட்டால் எந்த ஆண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அது ஆண்டுதோறும் நகரும்.)

பார்த்த நாளை மட்டும் எழுதுவது அடுத்த தவறு. நான்கு மணி நேரம் கடலில் இருந்தும் ஒன்றும் தென்படவில்லை என்பதும் கணக்குதான், அது இல்லாமல் டால்பின் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லவே முடியாது.

அப்புறம், எல்லாவற்றையும் கேமரா பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. டால்பினை முதுகுத் துடுப்பில் உள்ள வெட்டு, வடுவை வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். இங்குள்ள கடற்பன்றிக்கு அந்தத் துடுப்பே கிடையாது, துள்ளிக் குதிப்பதும் அரிது. நம் காதுக்கு எட்டாத அதன் ஒலியை நீருக்கடியில் கருவி வைத்துப் பதிவு செய்வதே நல்ல வழி.

இதையெல்லாம்விட எனக்கு மனம் பொறுக்காதது, வலையில் டால்பின் சிக்கியது என்று ஒருவர் வாய்திறந்து சொன்னதுமே அவரைக் குற்றவாளி போலப் பார்ப்பது. எந்த வலை, கண் எத்தனை பெரிது, எவ்வளவு நேரம் நீரில் கிடந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். முகம் சுளித்தால் அடுத்த முறை சத்தமில்லாமல் கடலில் தள்ளிவிடுவார், தகவலும் அதோடு போய்விடும். மெக்சிகோவின் வாக்கிட்டா கடற்பன்றியைக் காக்க அது சிக்கிச் சாகும் செவுள் வலைகளுக்கு (மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும் வலை) 2017இல் நிரந்தரத் தடை வந்தது. ஆனால் டொட்டோவாபா மீனின் காற்றுப்பைக்குக் கிடைக்கும் விலையால் கள்ளத்தனமாக வலை விழுவது நிற்கவில்லை, இன்று எஞ்சியிருப்பவை பத்து என்ற அளவில்தான். மீனவர் குடும்பத்துக்கு வேறு வழி காட்டாமல் போடும் தடை காகிதத்தோடு சரி.

கூட்டத்தைக் கண்டால் படகை விரட்டிக்கொண்டு போகாதீர்கள், குறுக்கே மறிக்கவும் வேண்டாம். ஓரமாக, ஒரே சீரான மெதுவான வேகத்தில் செல்லுங்கள். படத்தைச் சமூக ஊடகத்தில் போடும்போது துல்லியமான இட விவரத்தை நீக்கிவிடுங்கள், அதை ஆய்வாளர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

உயிரோடு கரை ஒதுங்கியதைக் கடலுக்குள் தள்ளிவிடுவது பாவம் பார்த்துச் செய்வதுதான், ஆனால் நோயோ காயமோ இருந்தால் திரும்பவும் ஒதுங்கும். தேசியப் பூங்காக் கழகத்தை அழையுங்கள். ஆட்கள் வரும்வரை நிழல் கொடுத்து, ஈரத்துணி போர்த்தி, தலைமேலுள்ள மூச்சுத் துளைக்குள் தண்ணீரோ மணலோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செத்துக் கிடந்தாலும் சொல்லுங்கள். 2015இல் ஜூரோங் தீவருகே மிதந்த எண்ணெய்த் திமிங்கிலத்தின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது தெரியவந்ததே, உடலை அறுத்துப் பார்த்ததால்தான்.