கார் சார்ஜிங்குக்குத் தனி பிளக் பாயிண்ட்: ஒயர் முதல் எர்த் வரை

கீசர் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். மின்சாரக் கார் அப்படியல்ல. மணிக்கணக்காக இடைவெளியில்லாமல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். பத்து வருஷமாகக் கீசருக்குத் தாங்கிய பிளக் பாயிண்ட் காருக்கும் தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

தினம் 40 கி.மீ. ஓட்டுபவருக்கு, 100 கி.மீ.க்கு 15 யூனிட் என்று கணக்கிட்டால் 6 யூனிட் போதும். காரோடு வரும் 15 ஆம்பியர் சார்ஜர் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏற்றும். 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் (சுவரில் பொருத்தும் வேகமான சார்ஜர்) தினம் 150 கி.மீ.க்கு மேல் ஓடுபவர்களுக்குத்தான் அவசியம். காருக்குள் இருக்கும் சார்ஜரே 3.3 கிலோவாட் என்றால் வால் பாக்ஸ் வாங்கியும் வேகம் கூடாது. வாங்குவதானால் 32 ஆம்பியருக்குக் குறைந்தது 6 ஸ்கொயர் எம்.எம். ஒயர் வேண்டும். மின் வாரியத்தில் பதிவாகியிருக்கும் லோடு போதுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

15 ஆம்பியர் பாயிண்டுக்கு, வீட்டு லைன்கள் பிரியும் டி.பி. பாக்ஸிலிருந்தே தனி லைன் இழுக்கவும். நடுவில் ஏ.சி., மோட்டார் எதுவும் சேரக் கூடாது. 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், 20 ஆம்பியர் சி-கர்வ் டபுள் போல் எம்.சி.பி. (லோடு மீறினால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) போடுங்கள். எம்.சி.பி.யின் அளவு 30 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டது. சித்திரை வெயிலில் சுடும் பெட்டிக்குள் 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி ட்ரிப் ஆகும்.

அதிகம் கெடுவது சாக்கெட்தான். 6 ஆம்பியர், 16 ஆம்பியர் இரண்டு பின்னும் நுழைகிற சாக்கெட்டைத் தவிர்க்கவும். பிடிமானம் சீக்கிரம் தளரும். தளர்ந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே, 15 ஆம்பியரில் 22 வாட் வெப்பம். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு முழுக்க ஒரு பின் நுனியில் நிற்கிறது! பின் பழுப்பாகும், பிறகு பிளாஸ்டிக் இளகும். நீல நிற 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் இதைவிட நன்றாகத் தாங்கும். சார்ஜரின் பிளக் அதற்குப் பொருந்துமா என்று மட்டும் பாருங்கள். டெர்மினல் ஸ்க்ரூ ஒயரின் செம்பைக் கடிக்கிறதா, மேல் உறையையா என்று எலக்ட்ரீஷியன் மூடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். சார்ஜர் பெட்டியைத் தொங்க விட்டால் அதன் எடையே பிளக்கை இழுத்துத் தளர்த்தும். பக்கத்தில் ஒரு கொக்கி அடித்து மாட்டுங்கள். சாக்கெட் தரையிலிருந்து நாலடி உயரத்தில், ஐப்பசிச் சாரல் படாதபடி மூடியுள்ள பெட்டிக்குள் இருக்கட்டும்.

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏறவில்லையா? முதலில் எர்த்தைச் சந்தேகியுங்கள். மல்டிமீட்டரில் ஃபேஸ்–எர்த், ஃபேஸ்–நியூட்ரல் இரண்டும் ஏறக்குறைய 230 வோல்ட் காட்ட வேண்டும். நியூட்ரல்–எர்த் இடையே அதிக வோல்ட் காட்டினால் எர்த், நியூட்ரல் இரண்டையும் எலக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். சிலர் சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் முறுக்கி இணைத்து விளக்கைப் பச்சையாக்குவார்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பிலேயே கரண்ட் வந்துவிடும்.

கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும்; 30 மில்லி ஆம்பியர், டைப் ஏ வாங்குங்கள். பல வீடுகளில் இருக்கும் ‘டைப் ஏ.சி.’ என்ற வகை, கார் சார்ஜரிலிருந்து கசியக்கூடிய டி.சி. கரண்ட்டால் மந்தமாகி, ஆபத்து நேரத்தில் விழாமல் போகலாம். ஆர்.சி.சி.பி. ஓவர்லோடைத் தடுக்காது, எம்.சி.பி.யும் கூடவே வேண்டும்.

முதல் நாள் ஒரு மணி நேரம் சார்ஜ் ஏற்றி, எம்.சி.பி.யை அணைத்துவிட்டு பிளக்கைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடென்றால் சாக்கெட்டைக் கழற்றி ஸ்க்ரூவை இறுக்கவும். பின் நிறம் மாறியிருந்தால் சாக்கெட்டையே மாற்றவும்.