கார்பன் அம்புக்குக் காலர் மாட்டும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் பயிற்சி மைதானத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி தன் அம்புகளுக்கு அலுமினியக் காலர் (தண்டின் முன்வாய்க்கு மேலே ஏற்றும் சிறு குழாய்) மாட்டிக்கொண்டிருந்தார். நான் தொடக்கத்தில் செய்த தவறுகளை ஒன்றுவிடாமல் செய்தார். பசை போடும்முன் துடையுங்கள், அளவு பார்த்து வாங்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்கிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கார்பன் தண்டில் நார்கள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. அதனால் வளைவை நன்றாகத் தாங்கும், பிளவை அவ்வளவாகத் தாங்காது. அம்பு கெட்டியான எதிலாவது மோதினால் பாயிண்டும் (முனை) அதைத் தண்டுக்குள் பிடித்திருக்கும் இன்சர்ட்டும் பின்னால் தள்ளப்பட்டு, ஆப்பு இறக்கியது போலத் தண்டின் வாயைப் பிளந்துவிடும். உளிப்பிடிக்குப் பூண் எதற்கோ, அதற்குத்தான் இங்கே காலர்.

விரிசல் விட்ட தண்டுக்குக் காலர்

இதை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

என் அம்பு ஒன்று இலக்குப் பலகையின் இரும்புக் காலில் பட்டது. தண்டின் வாயிலிருந்து ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு முடி போல ஒரு கோடு. அதன்மேல் எப்பாக்சிப் பசை தடவி மூன்று சென்டிமீட்டர் காலரை ஏற்றினேன். கோடு மறைந்தது. நாலைந்து நாள் அம்பு நேராகவே போனது. அப்புறம் ஒரு காலையில் நாணை விட்டதுமே படீரென்று சத்தம். காலருக்குப் பின்னால் தண்டு முறிந்து, வில்லைப் பிடித்திருந்த கையில் கட்டைவிரலுக்குக் கீழே சிலாம்பு ஏறியிருந்தது. மருத்துவர் இரண்டு முறை தோண்டி எடுத்தார். இரண்டு மாதம் வில்லைத் தொடவில்லை.

கண்ணுக்குத் தெரியும் விரிசல் சேதத்தின் ஒரு பகுதிதான். மோதல் உள்ளே போய் அடுக்குகளைப் பிரித்திருக்கும், அது வெளியே தெரியாது. நாணை விடும்போது பின்னாலிருந்து நாண் தள்ளும், முன்னாலிருக்கும் எடை நகர மறுக்கும், இடையில் தண்டு வளையும். பிரிந்த அடுக்கு அந்த நேரத்தில்தான் விட்டுக்கொடுக்கும். அப்போது தண்டு உங்கள் கையை ஒட்டிப் போய்க்கொண்டிருக்கும். காலரின் கூடுதல் எடை அந்த வளைவை இன்னும் கூட்டும். பழுது பார்த்ததாக நினைத்து, முறிவதற்கு உதவி செய்கிறோம்.

அதனால் காலர் மாட்டும் முன்பே தண்டைச் சோதியுங்கள். இரு முனைகளையும் பிடித்து, முகத்துக்கு எதிரே இல்லாமல் தள்ளி வைத்து, சில சென்டிமீட்டர் வளையுங்கள். கால் சுற்று திருப்பித் திருப்பி, சுற்றிலும் வளைத்துப் பாருங்கள். அப்புறம் முறுக்கிப் பாருங்கள். நொறுங்கும் சத்தம் லேசாகக் கேட்டாலும் அந்த அம்பு முடிந்தது. பஞ்சை நீளவாக்கில் தேய்த்துப் பார்ப்பதும் உண்டு, பிரிந்த நார் இருந்தால் பஞ்சு சிக்கும். சந்தேகம் வந்த தண்டை இரண்டாக ஒடித்துவிட்டுப் போடுங்கள், வேறொருவர் எடுத்து எய்துவிடக்கூடாது. "காலர் போட்டா சரியாயிடும்" என்று புதியவர்களிடம் சொல்லும் அனுபவசாலிகளை, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தண்டுக்கு நெருப்பு காட்டுவது

சூடு அதிகமானால் நார்களைப் பிணைத்திருக்கும் ரெசின் கெட்டுவிடும். ஹாட் மெல்ட் பசை என்றால் பாயிண்டைக் குறடால் பிடித்து அதை மட்டும் சூடாக்கி, பசையை உருக்கித் தடவிச் செருகுங்கள். விரலால் தொட முடியாத சூடு தண்டுக்கும் ஆகாது.

கோணலான வாய்

குழாய் வெட்டும் கருவி நார்களை நசுக்கிவிடும். வேகமாகச் சுழலும் அராவு சக்கரத்தால் வெட்டுங்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வெட்டிய வாயில் மார்க்கரால் மை பூசி, சமன்படுத்தும் கருவியில் தேயுங்கள். மை சுற்றிலும் ஒரே மாதிரி போனால்தான் வாய் சமம். ஒரு பக்கம் மை மிஞ்சினால் மோதலின் விசை முழுவதும் மறுபக்கம் விழும். அந்த இடத்தில்தான் தண்டு பிளக்கும்.

ஓர் அம்புக்கு மட்டும்

வேண்டாம். முன்பக்க எடை கூடினால் தண்டு ஸ்பைன் (விறைப்பு) குறைந்தது போல நடந்துகொள்ளும், அந்த அம்பு மற்ற அம்புகள் விழும் இடத்தை விட்டு விலகும். மாட்டினால் எல்லாவற்றுக்கும் மாட்டுங்கள். நாணை முழுதாக இழுத்த நிலையில் காலர், வில்லில் அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டைத் தொடக்கூடாது.

அசிட்டோனில் ஊற வைப்பது

கூடாது. பசை போடும்முன் தண்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும்.

அவசரம்

எப்பாக்சி இறுக ஒரு முழு நாள் விடுங்கள்.

போட்டி விதியை மறப்பது

உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதியில் தண்டின் விட்டத்துக்கு 9.3 மி.மீ., பாயிண்டுக்கு 9.4 மி.மீ. வரம்பு. தடித்த தண்டில் காலர் ஏற்றினால் தாண்டிவிடும்.

வால்பக்கத்தை விட்டுவிடுவது

குறி கூடி வரும்போது அடுத்த அம்பு முந்தைய அம்பின் ‘நாக்’ எனப்படும், நாணில் மாட்டும் வால்முனையைத் தாக்கும். முன்பக்கம் மட்டும் பூண் போட்டிருந்தால் தண்டு வால்பக்கமாகப் பிளக்கும். தண்டுக்குள் அலுமினிய ஊசியைச் செருகி அதன்மேல் நாக் மாட்டினால் அடியை ஊசி வாங்கிக்கொள்ளும், பெரும்பாலும் தண்டு பிழைக்கும். ஊசி வளைந்திருந்தால் புதியதைச் செருகும் முன் தண்டை வளைத்துக் காது கொடுத்துக் கேளுங்கள்.