லூசர்னில் ஒரு வாரம்: மலைக்குத் தேதி குறிக்காதீர்கள்

பள்ளிக் கோடை விடுமுறை நெருங்கும்போது, தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் தங்கள் சுவிட்சர்லாந்துப் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பி, சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. லூசர்ன் நகரில் ஏழு நாள் தங்குவது, அங்கிருந்து தினமும் ஓரிடம் சென்று வருவது என்பதே பெரும்பாலானவர்களின் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் குறையில்லை. ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை இருக்கும். நான்கு திசைகளிலும் மலைகள் இருக்கும். குறை இருப்பது உள்விவரத்தில்தான். ஒருவரையொருவர் அறியாத குடும்பங்கள் ஒரே தவறுகளை ஒரே வரிசையில் செய்கின்றன. அவற்றுள் பல என் பழைய பயணக் குறிப்பேட்டிலும் இருப்பவை. கம்பளிச் சட்டை, பாஸ்போர்ட் நகல், சுவிஸ் மின்செருகிக்கு ஏற்ற அடாப்டர் போன்றவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மலைக்கு முன்கூட்டியே தேதி குறிப்பது

பணத்தையும் நாளையும் ஒருசேர விழுங்கும் தவறு இதுதான். எனக்கு வரும் தாள்களில் பெரும்பாலும் "செவ்வாய்: டிட்லிஸ், புதன்: சூரிச், வியாழன்: பிலாட்டுஸ்" என்று மூன்று மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கும். பல சமயங்களில் அந்தத் தேதிகளுக்கு டிக்கெட்டும் வாங்கப்பட்டிருக்கும். இதைக் காணும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

லூசர்ன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 435 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள மலைகளில் ரிகியின் உச்சி 1,798 மீட்டர், பிலாட்டுஸின் உச்சி 2,128 மீட்டர். டிட்லிஸின் சிகரம் 3,238 மீட்டர். கேபிள் கார் நம்மை 3,020 மீட்டர் வரை கொண்டுபோய் விடுகிறது. இவ்வளவு உயர வேறுபாடு இருக்கும் இடத்தில், விடுதி ஜன்னலில் தெரியும் வானத்துக்கும் மலைமேல் இருக்கும் வானத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கோடையில் காலை தெளிவாக விடிந்து, நண்பகலுக்குப் பின் உச்சிகளின்மீது மேகம் திரண்டு, மாலையில் இடியுடன் மழை பெய்வது சாதாரணம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நிலைமை தலைகீழாக மாறுவதுண்டு. குளிர்ந்த கனமான காற்று தாழ்நிலத்தில் தேங்கிவிட, அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் படிந்து, நகரமும் ஏரியும் நாள் முழுவதும் சாம்பல் நிற மூடுபனிக்குள் கிடக்கும். அதே நேரத்தில், பெரும்பாலும் ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் அந்தப் பனி முடிந்துவிட, அதற்கு மேலே நீல வானமும் வெயிலும் இருக்கும். கீழே பனி கடலாகப் பரந்திருக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து சென்ற ஒரு குடும்பம் இந்த இரண்டு விதத்திலும் ஒரே வாரத்தில் ஏமாந்தது. அக்டோபர் மாதம், தாத்தா, பாட்டி, பிள்ளைகள் உட்பட ஆறு பேர். அவர்களுடைய பயண முகவர் மூன்று மாதங்களுக்கு முன்பே தேதி போட்ட, பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டுகளை வாங்கிக் கொடுத்திருந்தார். செவ்வாயன்று டிட்லிஸ்மீது அடர்ந்த மேகம். டிட்லிஸ் ஏறி இறங்க ஒருவருக்கு நூறு பிராங்கை ஒட்டிச் செலவாகும். அந்தப் பணத்துக்கு அவர்கள் கண்டது உணவகக் கண்ணாடிக்கு வெளியே ஒரு வெள்ளைச் சுவர். "மேலே ஒண்ணுமே தெரியலைங்க" என்று மதியமே எனக்குச் செய்தி வந்தது. மறுநாள் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஆனால் தாளில் சூரிச் என்று எழுதியிருந்ததால் அவர்கள் அங்கே கடைவீதியில் நடந்துகொண்டிருந்தார்கள். வியாழனன்று லூசர்ன் முழுவதும் மூடுபனி. செவ்வாய்க்கிழமை பட்ட அனுபவத்தால், மேலேயும் இப்படித்தான் இருக்கும் என்று பெரியவர்கள் முடிவு செய்து, பிலாட்டுஸ் டிக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு அறையில் தங்கிவிட்டார்கள். நான் சென்னையில் உட்கார்ந்து பிலாட்டுஸின் நேரலைக் கேமராவைப் பார்த்தபோது, அங்கே ஆட்கள் கையுறையைக் கழற்றிவிட்டு வெயிலில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்ல அழைத்தேன். அவர்கள் எடுத்துப் பேசும்போது மாலையாகிவிட்டது.

இந்தத் தேதிப் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்பதை யோசித்தால், பெரும்பாலும் விசா விண்ணப்பத்தில் போய் நிற்கிறது. ஷெங்கன் விசாவுக்கு விமானம், தங்குமிடம், நாள்வாரியான பயணத் திட்டம் எல்லாவற்றையும் இணைக்க வேண்டியிருக்கிறது. அதற்காக அவசரத்தில் தயாரித்த தாளே பிறகு வேதவாக்காகிவிடுகிறது. அதே விடுதியில், அதே நாட்கள் தங்கியிருக்கும்போது, வியாழனன்று போவதாக எழுதிய மலைக்குச் செவ்வாயன்று போனால் உங்களை யாரும் கேட்கப்போவதில்லை.

ஆகவே நாட்களுக்குப் பதிலாக வானிலைக்குத் திட்டம் போடுங்கள். தெளிந்த வானத்துக்கு என்று இரண்டு மலைகள், அரைமேகத்துக்குப் படகு, மழைக்கு அருங்காட்சியகம் என்று பட்டியல் இருந்தால் போதும். முந்தைய இரவு சுவிஸ் வானிலை நிறுவனமான மெட்டியோசுவிஸின் செயலியைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் அந்தந்த மலையின் நேரலைக் கேமராவைப் பாருங்கள்; பிலாட்டுஸ், ரிகி, டிட்லிஸ் மூன்றுக்கும் உண்டு. கூடவே கேபிள் கார் இயங்குகிறதா என்ற அறிவிப்பையும் பார்க்க வேண்டும். ஃபோன் (Föhn) எனப்படும் தெற்குக் காற்று வீசும் நாட்களில் மலைகள் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோல் துல்லியமாகத் தெரியும். ஆனால் காற்று பலத்தால் கேபிள் கார் நின்றுவிடக்கூடும். எல்லாம் சரியாக இருந்தால் டிக்கெட்டை அன்று காலையில் வாங்கிக்கொள்ளலாம். வார இறுதியில் வானம் தெளிந்தால் உள்ளூர்க்காரர்களும் கிளம்பிவிடுவார்கள் என்பதால் முதல் வண்டியிலேயே ஏறிவிடுவது நல்லது.

கேமரா இல்லாத காலத்திலும் லூசர்ன்காரர்கள் பிலாட்டுஸைப் பார்த்தே நாளைக் கணித்தார்கள். மலை தொப்பி அணிந்திருந்தால், அதாவது உச்சியில் மட்டும் மேகம் இருந்தால், வானிலை நன்றாக இருக்கும். கழுத்துப் பட்டி அணிந்திருந்தால், அதாவது உச்சிக்குக் கீழே மேகம் வளையமாகச் சூழ்ந்திருந்தால், துணிந்து போகலாம். இடையில் வாள் தொங்கினால், அதாவது மேகம் வாள்போல் நீண்டு கிடந்தால், மழை வரும் என்பது அவர்களுடைய பழமொழி. தொப்பி அணிந்த நாளில் ஊருக்கு வானிலை நன்றாக இருக்கலாம். உச்சிக்குப் போகிறவருக்கு அது உதவாது என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்வேன்.

பாஸை வாங்கிவிட்டுப் பயணத்தை அதற்குள் திணிப்பது

நாடு முழுவதும் ரயில், பேருந்து, படகுகளில் செல்ல உதவும் சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கிறது. ஏழு நாளுக்குக் கிடையாது. ஒரு வாரம் தங்குகிறவர் யோசிக்காமல் எட்டு நாள் பாஸை வாங்குகிறார். வழக்கமான பாஸில் நாட்கள் தொடர்ச்சியாகக் கழியும். நகரைச் சுற்றி நடந்த நாளும், மழைக்கு அறையில் இருந்த நாளும் அதில் சேரும். இன்னொரு குழப்பம், மலைகள் அனைத்தும் இலவசம் என்ற எண்ணம். ரிகி, ஸ்டான்சர்ஹோர்ன், ஸ்டூஸ் ஆகிய மலைகளுக்கு அந்தப் பாஸ் முழுமையாகச் செல்லும். பிலாட்டுஸ், டிட்லிஸ் இரண்டுக்கும் பாதிக் கட்டணம் கட்ட வேண்டும்.

லூசர்னையே மையமாகக் கொண்டு, சுற்றியுள்ள மலைகளையும் ஏரியையும் மட்டும் பார்ப்பவர்கள் வேறு இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் செல்லும் அரைக் கட்டண அட்டை, ரயில், படகு, பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாவற்றிலும் பாதியைக் குறைக்கிறது. எந்த நாள் எங்கே போனாலும் அதற்குக் கவலையில்லை என்பதால் வானிலைத் திட்டத்துக்கு இதுவே நன்றாகப் பொருந்தும். மத்திய சுவிட்சர்லாந்துக்கு மட்டுமான டெல் பாஸ், பிலாட்டுஸையும் டிட்லிஸையும் சேர்த்தே உள்ளடக்குகிறது. பெரிய மலைகளை அடுத்தடுத்து ஏறும் துணிவு இருந்தால் அது லாபம். ஆறு வயது முதல் பதினாறுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோரின் பாஸுடன் இலவசமாகக் குடும்ப அட்டை கிடைக்கும். அதைக் கேட்டு வாங்காமல் பிள்ளைகளுக்குத் தனி டிக்கெட் எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எதுவானாலும் மின்னணு வடிவில் கிடைப்பதால், வானிலை தெரிந்த பிறகு முந்தைய நாள் வாங்கினால் போதும்.

யுங்ஃபிராயோக்கும் செர்மாட்டும் ஒரே நாளில்

வேண்டாம். லூசர்னிலிருந்து தொலைவில் இருக்கும் இந்த இரண்டு மலையிடங்களில் எதற்கானாலும் போக மூன்று மணி நேரத்துக்கு மேல், திரும்ப அதே அளவு. அவசியம் பார்க்க வேண்டுமென்றால் ஓர் இரவு அந்தப் பக்கம் தங்குங்கள்.

ஏரியை ஒரு மணி நேரச் சுற்றாக முடித்துக்கொள்வது

லூசர்ன் ஏரியின் பரப்பு 114 சதுர கிலோமீட்டர். கைகளை நாலாபுறமும் நீட்டியதுபோல் வளைந்து வளைந்து கிடக்கும் அதில், ஒரு மணி நேரச் சுற்றுப்படகு நகரை ஒட்டிய அகன்ற நீர்ப்பரப்பைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். நான் பரிந்துரைப்பது, அட்டவணைப்படி ஓடும் பொதுப் படகில் ஏரியின் மறுகோடியில் இருக்கும் ஃபுளூலென் வரை செல்வதையே. ஏறத்தாழ மூன்று மணி நேரமாகும். கரையோர ஊரான புரூனன் தாண்டியதும் ஏரி தெற்கே திரும்பி, செங்குத்தான பாறைகளுக்கிடையே ஒடுங்கும். மூன்று பகுதி மக்கள் கூடி உறுதிமொழி எடுத்ததாகச் சுவிஸ் மரபு சொல்லும் ருட்லி புல்வெளியும், சுவிஸ் மரபுக்கதை நாயகன் வில்லியம் டெல்லின் பெயரால் கரையில் நிற்கும் சிறு தேவாலயமும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. திரும்பும்போது ஃபுளூலெனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம்.

கோடையில் பழைய நீராவிக் கப்பல்கள் ஐந்தும் ஓடுகின்றன. மூத்ததான "ஊரி" 1901 முதல் ஓடுகிறது. கப்பலின் நடுவே நின்றால் இயந்திரத்தின் தண்டுகள் சுழல்வதைக் கண்ணெதிரே பார்க்கலாம். மேல்தளம் முதல் வகுப்பு என்பதை அறியாமல் இரண்டாம் வகுப்பு டிக்கெட்டுடன் ஏறி உட்கார்ந்துவிட்டுப் பரிசோதகர் வந்ததும் எழுந்து இறங்குவது நம்மவர்களிடம் அடிக்கடி நிகழ்கிறது.

ரிகிக்கும் படகிலேயே போகலாம். கரையோர ஊரான விட்ஸ்னாவில் இறங்கினால் எதிரிலேயே பற்சக்கர ரயில் காத்திருக்கும். 1871இல் தொடங்கிய அந்தத் தடமே ஐரோப்பாவின் முதல் மலை ரயில்.

மூடியிருக்கும் மாதங்களைக் கவனிக்காதது

அல்ப்நாக்ஸ்டாட்டிலிருந்து பிலாட்டுஸ் ஏறும் பற்சக்கர ரயில் 1889 முதல் ஓடுகிறது. 48 சதவீதச் சரிவில் ஏறும் அதை விரும்பியே பலர் வருகிறார்கள். பனிக்காலத்தில் அது ஓடாது. கிரீன்ஸ் வழியாகக் கேபிள் காரில்தான் ஏற வேண்டும். திறந்த மேல்தளம் கொண்ட கேபிள் காருக்குப் பெயர்பெற்ற ஸ்டான்சர்ஹோர்ன் குளிர்காலம் முழுவதும் மூடியிருக்கும். நகரின் முசெக் கோட்டைச் சுவரிலும் அப்போது ஏற முடியாது, படகுகளும் குறைந்துவிடும். குறிப்பாக நவம்பரில் பராமரிப்புக்காகக் கேபிள் கார்கள் நிறுத்தப்படுவது வழக்கம் என்பதால், கட்டணம் மலிவாக இருக்கிறது என்று அந்த மாதத்தில் விமானச் சீட்டு எடுப்பவர்கள் முதலில் ஒவ்வொரு மலையின் இயக்கத் தேதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழை நாளைக் கழித்துவிடுவது

சுவிஸ் போக்குவரத்து அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் தேவை. பிள்ளைகள் இருந்தால் அதுவும் போதாது. ஓவியத்தில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு ரயில் நிலையத்துக்கு அருகிலேயே ரோசன்கார்ட் காட்சியகம் இருக்கிறது; பிக்காசோவும் பால் கிளேயும் அங்கே நிறைய.

ஞாயிற்றுக்கிழமை

கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையத்துக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். அறையில் சமைப்பவர்கள் அரிசியும் தயிரும் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

விடுதி

ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கட்டும். வரவேற்பில் விருந்தினர் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால் நகரப் பேருந்துக்குத் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.