உம் கொட்டுவதில் நேரும் பிழைகள்

கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் வேளையில், பக்கத்து நாற்காலியில் வந்து அமர்ந்து, தம் நிலத் தகராறு வழக்கை வாய்தா வாய்தாவாக விவரிக்கத் தொடங்கும் பெரியவர் ஒருவர் எப்படியும் வாய்த்துவிடுகிறார். எழுந்து போனால் மரியாதைக் குறைவு என்பதால், ஆர்வத்தோடு கேட்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதில் பெரும்பாலோர் சறுக்குவது, காட்டும் ஆர்வம் குறைந்துபோவதால் அன்று, மிகுந்துபோவதால்தான்.

முதல் தவறு, காதில் வாங்காமலே உம் கொட்டுவது. கேட்பவர் இடையிடையே எழுப்பும் இத்தகைய ஒலிகளை மொழியியலாளர் விக்டர் இங்வே 1970இல் தனியே கவனித்து அவற்றுக்கு ஒரு பெயரும் இட்டார். நமக்கோ அது பாட்டியிடம் கதை கேட்ட நாளிலேயே பழக்கம். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். அந்த ஒலிக்கு வாக்கியம் முடிந்து சொல்பவர் மூச்சு வாங்கும் இடம் என்று ஓர் இடம் உண்டு. அதை விட்டுவிட்டுக் கடிகாரம்போல் சீராகத் தலையாட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பெரியப்பா முறையுள்ள ஒருவர், "கடைசியில அந்த வக்கீலும் மாரடைப்புல போயிட்டார்" என்றபோது, நான் முகம் மலர, "ரொம்ப நல்லது பெரியப்பா" என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் புரியவில்லை என்று கருதி, வழக்கை முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.

மனம் அலைவதற்கு நம் சோம்பல் மட்டும் காரணமன்று. அமெரிக்கர்களில் பெரும்பாலோர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 125 சொற்கள் பேசுகிறார்கள், மூளையோ அதைவிட வெகு வேகமாக ஓடுகிறது என்று, காது கொடுத்துக் கேட்பதைப் பற்றி நூல் எழுதிய ரால்ஃப் நிக்கல்ஸும் லியனார்ட் ஸ்டீவன்ஸும் 1957இல் எழுதினார்கள். மிஞ்சும் அந்த நேரத்தில்தான் நாம் பந்தியில் என்ன பாயசம் என்று யோசிக்கப் போய்விடுகிறோம். அதற்குப் பதிலாக, பட்டா ஒருவர் பெயரிலும் அனுபவம் இன்னொருவரிடமும் எப்படி வந்தது என்பதுபோல் ஒரே ஒரு இழையைப் பிடித்துக்கொண்டால், பாதி எரிச்சல் அடங்கிவிடும், நடிக்க வேண்டிய தேவையும் குறையும்.

இடைவிடாத புன்னகை இன்னொரு தவறு. உண்மையான மகிழ்ச்சியில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து அசையும், அது நம் விருப்பத்துக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை என்று பிரெஞ்சு மருத்துவர் துஷென் 1862இலேயே எழுதிவிட்டார். உதடு மட்டும் சிரிக்கும் முகத்தைவிடச் சும்மா இருக்கும் முகமே மேல்.

"அப்புறம்?" என்று கேட்பது தானே போய்க் குழியில் விழுவதற்குச் சமம், அது இன்னொரு அத்தியாயத்தைத் திறந்துவிடும். "அடுத்த வாய்தா எப்ப?" என்பதுபோல் ஒற்றைச் சொல்லில் விடை முடியும் கேள்வியே போதுமானது. அவர் மற்ற உறவினர்களைக் குறைசொல்லும் கட்டத்தில் "ஆமாம்" என்று சொல்லிவைப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. அந்த ஆமாம் மறுநாளே உங்கள் கருத்தாக அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

வராத அழைப்புக்குக் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நழுவுவதை இப்போது எல்லோருமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். பேச்சின் தொடக்கத்திலேயே, "பத்து நிமிஷத்துல அம்மாவைச் சாப்பிடக் கூட்டிட்டுப் போகணும் பெரியப்பா" என்று சொல்லிவைத்துவிட்டு, எழும்போது அவர் கடைசியாகச் சொன்னதையே எடுத்து, "செப்டம்பர் வாய்தாவுல என்ன ஆச்சுன்னு சொல்லுங்க" என்று விடைபெறலாம். செப்டம்பரில் அவர் தவறாமல் அழைப்பார் என்பது வேறு விஷயம்.